மாரியம்மா சொன்ன பொய்

எல்கடுவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போதும் வெள்ளைத் துரைதான். அவர் பங்களாவில் விறகு அடுப்பிலிருந்து குளியலறைக்குச் சுடுதண்ணீர் போகும் குழாய் ஒழுகியது. தொழிற்சாலையில் குழாய் வேலை பார்த்த என்னைக் கூப்பிட்டனுப்பினார். வளைவில் போட இரும்பு எல்போ வேண்டும். அதற்கு மாத்தளைக்குப் போக வேண்டும். மழையில் யார் போவது என்று ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிக் கம்பியால் இறுக்கினேன்.

"சூட்டுக்கு ரப்பர் தாங்குமாண்ணே?" என்று கேட்டாள் சமையல்காரி மாரியம்மா.

"நீ கறியப் பாரு" என்றேன்.

மறுநாள் காலையில் ரப்பர் பிய்ந்து, கொதிநீர் அவள் கையில் கொட்டியது. துரை எங்கள் இருவரையும் நிறுத்தி விசாரித்தார்.

"நான்தாங்க வெறகு தள்ளுறப்போ கொழாயில இடிச்சிட்டேன்" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டிப் பத்துச்சீட்டு குடுத்து வெரட்டிட்டா, லயத்து வீட்டுல இருக்கிற ஒங்க புள்ளைங்க எங்கண்ணே போகும்?"

அன்றே மாத்தளைக்குப் போய் எல்போ வாங்கி வந்து பூட்டினேன். துரை பார்த்துவிட்டு மெச்சினார். கையில் துணி சுற்றிக்கொண்டு மாரியம்மாவும் அங்கேதான் நின்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சலாமுங்க தொரை" என்று கும்பிட்டேன்.

குழாய் பிறகு ஒழுகவேயில்லை. அந்தக் கும்பிடை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.