வண்டியூரிலிருந்து கெய்ரோவுக்கு ஆணி இல்லாத பெட்டி

சுதந்திரம் வந்த மறு வருஷம், கெய்ரோவில் திறந்திருக்கும் நம் தூதரகத்தின் வரவேற்பறையில் மாட்ட என் படம் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு இரவலாகக் கேட்டார்கள். தெப்பத்தில் அம்மனும் சுவாமியும் வரும் எண்ணெய்ச் சாயப் படம். வேறு யாருக்கோ எழுதியது என் விலாசத்துக்கு வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, விசாரித்த பிறகே சம்மதித்தேன். சனிக்கிழமை காலைக்குள் படம் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும். மற்றப் படங்களோடு அன்றே பம்பாய்க்குப் போகும். பிந்தினால் என் படம் கிடையாது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வண்டியூரில் என் வீட்டில் பெட்டி தயார். படத்தைத் துணி சுற்றி உள்ளே வைத்தேன். மூடியைக் கையில் எடுத்த தச்சர் ஆறுமுகம் அதைத் திரும்பவும் கீழே வைத்தார்.

"ஆத்தாள உள்ள படுக்க வச்சு மேல ஆணி அடிக்கச் சொல்றீகளே ஐயா, நல்லாவா இருக்கு?"

"படம்தானே, ஆறுமுகம்?"

"அப்ப நீங்களே அடிங்க. வேற எம்புட்டு வேலைன்னாலும் சொல்லுங்க, செய்றேன்."

பெட்டி செய்யும்போது சொல்லியிருக்கக் கூடாதா? மூடியைக் கயிற்றால் கட்டி, முத்தையாவின் குதிரை வண்டியில் ஏற்றினேன். ரயிலடிக்கு மூன்று மைல். வாடகை ஒரு ரூபாய். ஆணி அடிக்காத பெட்டியைப் பார்சல் ஆபீசில் வாங்க மாட்டார்கள் என்று பாதி வழியில்தான் முத்தையா சொன்னான்.

"கோரிப்பாளையத்துல நமக்குத் தெரிஞ்ச பாய் இருக்காரு. சட்டுனு முடிச்சிருவாரு."

ஆற்றைத் தாண்டினோம். தச்சுப் பட்டறை பாய் துணியை விலக்கிப் பார்த்தார். "மாஷா அல்லா" என்றார். உடனே மூடினார்.

"காலம் கெட்டுக் கிடக்கு சார். சாமி படத்துல பாய் ஆணி அடிச்சான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், பட்டறை மிஞ்சாது. சுத்தியலும் ஆணியும் தாரேன், நீங்க அடிங்க. சுத்தியல் மட்டும் திரும்பி வரணும்."

"ஆளாளுக்கு ஒரு நியாயம்!" என்று முத்தையா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலேகாலுக்கு ரயிலடி. ஐந்து மணி வரைதான் பார்சல் வாங்குவார்கள். ஒரு தூணோரம் குந்தி, மூடியைச் சரியாகப் பொருத்தி, மூலையில் ஆணியை நிறுத்தினேன். நான் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, நான் குழைத்த சாயம். அந்த முகத்தை ஏழு தடவை அழித்து எழுதியவனும் நான்தான். சுத்தியலை ஓங்கினேன். இறங்கவில்லை. மறுபடி ஓங்கினேன்.

"அடிங்க ஐயா, நேரமாகுதுல்ல!"

சுத்தியலை முத்தையாவிடம் நீட்டினேன்.

"பாய்கிட்ட என்னன்னு சொல்ல?"

"வேலை ஆகலைன்னு சொல்லு."

மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கி, மாற்று வேட்டிகூட இல்லாமல் சாயங்கால மெயிலில் ஏறினேன். முந்நூறு மைலுக்கு மேல், கயிறு கட்டிய பெட்டி முழங்கால்களுக்கு நடுவில். விழுப்புரம் வரை ஒருவர் உள்ளே மாம்பழமா என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

சாமி படம் அனுப்பப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆணி அடிக்க ஒரு ஆளைப் பேசி முடித்துவிட்டு, அப்புறம் 'சரி' என்று பதில் எழுதுங்கள்.

சென்னையில் ஒன்பது மணிக்குப் பெட்டியை ஒப்படைத்தேன். அலுவலகச் சேவகர் ஒரு பேச்சும் பேசாமல் சுத்தியலை எடுத்தார். நான் தெருவுக்கு வந்து, சத்தம் நிற்கும்வரை எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன்.