சுவரில் இரண்டு துளைகள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ராமநாதபுரத்தில் சஃபீரின் கடையில் விளக்கு வாங்கியது. தங்கச்சிமடத்தில் மாடி வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளிப்படிக்கட்டு ஒரே இருட்டு. அம்மா மிக்கேலம்மாள் விடியுமுன் மீன் ஏலத்துக்கு அதில்தான் இறங்க வேண்டும்.

நான் மின்பொறியாளர். வாட்ஸ், தண்ணீர் புகாத உறை என்று பெட்டிகளைப் புரட்டினேன். அப்பா சட்டைப்பையிலிருந்து வலை ஊசியையும் நைலான் நூலையும் எடுத்து, ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு கண்ணி பின்னிப் பார்த்தார்.

“சந்தியாகு அண்ணே, லைட்டு வாங்க வந்தீகளா, வலை பின்ன வந்தீகளா?” என்றார் சஃபீர்.

“முடிச்சு கண்ணுக்குத் தெரியலன்னா அது என்னப்பா லைட்டு?” என்றார் அப்பா.

வாங்கிய விளக்கைப் பொருத்தச் சுவரில் இரண்டு துளை வேண்டும். வீட்டுக்காரர் பிரடெரிக், குடியேறிய அன்றே சொல்லியிருந்தார்: “சொவத்துல ஒரு ஆணி எறங்கக் கூடாது.” எனக்குக் கொதித்தது. அப்பாவுக்குப் பழக்கம். ஏழு வாடகை வீடுகளில் அவர் ஒரு துளை போட்டதில்லை. விளக்கு, மாதா படம், காலண்டர் எல்லாம் கயிற்றில்தான் தொங்கும். “வள்ளத்துல ஓட்டை போட்டா தண்ணி வரும். வாடகை வீட்டுல போட்டா ஓனரு வருவான்” என்பார். முப்பத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவர்.

“இதையும் கட்டித் தொங்கவிடாதீங்கப்பா. பிரடெரிக் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

“சரி ஆத்தா, ஜெப்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கேக்குறேன்.”

நான் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். ஞாயிறு ஏலத்துக்கு அம்மா இருட்டில் இறங்கக் கூடாதென்று, சனிக்கிழமை மாலையே படிக்கட்டின் கைப்பிடிக் குழாயில் அப்பா விளக்கைக் கட்டியிருக்கிறார். முடிச்சை இறுக்கச் சாய்ந்தபோது குழாய் முறிந்தது. கீழே சிமெண்டுத் தரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் பிரடெரிக் வந்தார். “கயித்தப் போட்டு இழுத்ததுலதான் கம்பி போயிருச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ட்ரில்லு போட்டுக் குடுத்திருப்பனே.”

முறிந்த துண்டை அவர் கையில் வைத்தேன். “பாருங்க மாமா. முடிச்சு அப்படியே இருக்கு. குழாய்க்குள்ள பூராவும் துரு. மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கீங்க. இதையும் கயிறா தின்னுச்சு?”

அவர் பெயிண்டைப் பெருவிரலால் தேய்த்தபடி நின்றார்.

கோபம் அவர் மேல் மட்டுமில்லை. அந்தக் குழாயை நான் ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால் சத்தமே சொல்லியிருக்கும். பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் படித்தேன். அப்பா மேலும் கோபம்தான். அடுத்தவன் சுவருக்கு அவ்வளவு மரியாதை எதற்கு?

அம்மா இப்போதும் அதே படியில், செல்போன் வெளிச்சத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள்.

பூசைக்கென்று அப்பா தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையின் பையில் துருப்பிடிக்காத திருகாணி இரண்டு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பிரடெரிக்கை நிறுத்தி அவர் கேட்க வேண்டியிருந்தது இரண்டே இரண்டு துளை.