ஓணானுக்குக் குரல் கொடுத்தவர்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மேடையில் பதினோரு வருஷம் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவள்தான் நான். இது அந்தக் கணக்கில் சேராது. சந்தேகம் இருந்தால் திண்டுக்கல்லில் மைக் செட் கடை வைத்திருக்கும் முகமது பாரூக்கைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பேகம்பூர் தோல் கிட்டங்கிக்குத் தனியாகப் போய்வரச் சொல்லுங்கள். போகிறாரா, பார்க்கலாம்.

என் பெயர் செபஸ்தியம்மாள். நாடகங்களில் காமிக் பார்ட். பபூன் ஒச்சப்பன் அண்ணனுக்கு ஜோடி. ஜோடி என்பது நோட்டீஸில் மட்டும். மேடையில் அவர் பேசுவார், நான் "அப்புறம்?" என்பேன். சிரிப்பு அவருக்கு, "அப்புறம்" எனக்கு. நானாக ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டு வந்தால், சனம் சிரிக்கப்போகிற அந்த நொடியில், "ம்க்கும்" என்று தொண்டையைக் கனைப்பார். நான் சொல்லவேண்டிய வார்த்தையை எனக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். வலது காலில் கட்டிய சலங்கையை ஜல் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், கைதட்டல் அவருக்குப் போய்விடும்.

1959-ல் செம்பட்டித் திருவிழாவில் நான் முந்திக்கொண்டேன். அவர் கனைப்பதற்குள் சொல்லிவிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடைக்குப் பின்னால் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"ஏ செபஸ்தி! நான் இருக்குற வரைக்கும் ஒன் வாயால ஒருத்தன் சிரிக்க மாட்டான். பாத்துக்க."

சொன்னபடியே செய்தார். அதன்பிறகு ஒரு ஏஜெண்டும் என்னை நாடகத்துக்குக் கூப்பிடவில்லை. நாலு வருஷம் சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு கிழித்தேன். நாடகக்காரர்கள் யாரும் என் வாசல் பக்கம் வரவில்லை. நானும் யாரையும் தேடிப் போகவில்லை.

1963-ல் ஒரு சேதி காதில் விழுந்தது. பல்பொடி முதலாளி பெருமாள்சாமி, சினிமாக் கொட்டகைகளில் காட்ட ஒரு கார்ட்டூன் விளம்பரம் எடுக்கிறார். துடுக்கான ஓர் அணில் பேசுகிற படம். மெட்ராஸில் பொன்னுத்துரை என்று ஒருவர் வரைகிறார். குரலை முதலில் பதிவு செய்து அனுப்பவேண்டும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் வாயசைவு வரைவாராம்.

நானே போய் முதலாளி மேஜைக்கு முன்னால் நின்று அணிலாகப் பேசிக் காட்டினேன். கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழம பேசிக் குடு. சனிக்கிழம டேப்பு ரயிலேறணும். நல்லா வந்தா இன்னும் ஆறு படம் இருக்கு. வரலைன்னா மெட்ராஸ்லயே ஒரு பொண்ணப் பாத்துக்கிருவேன்."

டேப் ரெக்கார்டர் பாரூக்கிடம்தான் இருந்தது. சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? அவருடைய மாமாவின் தோல் கிட்டங்கி இருந்தது. உப்புப் போட்ட மாட்டுத்தோல்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். எவ்வளவு கத்தினாலும் தோல் குடித்துவிடும், எதிரொலி வராது. ஜும்மா நேரத்தில் ஆட்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். தெருவே அடங்கிவிடும்.

மாசி மாதம், முதல் வெள்ளி. பன்னிரண்டரை மணி. நல்ல உச்சிப்பொழுது.

"மெஷினப் போட்டு விட்டுட்டேன்க்கா. அது பாட்டுக்கு ஓடும். யாரும் தொறந்துறக் கூடாதுன்னு வெளிய பூட்டிட்டுப் போறேன். தொழுதுட்டு வந்துர்றேன்."

"நாத்தம் கொடலப் பொரட்டுது, பாரூக்கு."

"மூக்கால பேசாதீங்க, சரியாப் போயிரும்."

கதவு மூடியது. பூட்டு விழுந்தது. ஒற்றை பல்பு. மைக். சுற்றிலும் தோல். ஈக்கள் மட்டும் பறந்துகொண்டிருந்தன.

ஆரம்பித்தேன். எழுதியிருந்தது எல்லாம் மேடையில் பழகிய பழைய சிரிப்புத்தான், அணிலுக்காகக் கொஞ்சம் மாற்றியது. ஆனால் சிரிக்க ஒரு ஆள்கூட இல்லாமல் காமிக் பேசிப் பாருங்கள், தெரியும். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தோல் நாற்றத்தையும் தாண்டி... அரிதாரம். தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரம். மேடை ஏறுகிறவர்களுக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

நான் பவுடர்கூடப் போடவில்லை.

சரி, மனப்பிரமை. அடுத்த வரிக்குப் போனேன். "என் பல்லு எம்புட்டு வெள்ளை தெரியுமா? ராத்திரியில நான் சிரிச்சேன்னு வைங்க, பக்கத்து மரத்துக் காக்கா..."

"ம்க்கும்."

தோல்களுக்குப் பின்னாலிருந்து.

"...விடிஞ்சிருச்சுன்னு கத்த ஆரம்பிச்சிரும்!"

ஜல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் கேட்ட குரல். ஒச்சப்பன்! காலையிலேயே உள்ளே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார். என் பிழைப்பைக் கெடுக்க இங்கேயும் வந்துவிட்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"அண்ணே! மரியாதையா வெளிய வாங்க."



அடுத்ததைப் பேசினேன். "பொண்ணு பாக்கப் போனேன். பொண்ணு வீட்ல என் பல்லப் பாத்தாங்க. பாத்ததும்..."

"ம்க்கும். வெளக்க அணைச்சுட்டாங்க, எண்ணெய் மிச்சம்னு!"

ஜல்.

இந்த முறை பக்கத்தில் கேட்டது. நாலாவது தோல் மெதுவாக ஆடியது. உள்ளே காற்றே இல்லை.

தோல்கள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கின. பின்னால் ஆள் நின்றால் கால் தெரியவேண்டும். குனிந்து பார்த்தேன்.

கால் இல்லை.

சலங்கையும் இல்லை.

வெறும் தரை. உப்பு. ஈ.

ஜல்...

எனக்கு முன்னால்தான் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில்.

சேசு மரி சூசை...



கதவைப் பார்த்தேன். பூட்டு வெளியே.

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ திரும்பியது. இது நின்றால் மறுபடியும் புகையிலை நரம்புதான். ஆறு படமும் போச்சு. இன்னொரு தடவை இந்த ஆளுக்காக வாயை மூடிக்கொள்ளவா? மாட்டேன். ஆளோ, வேறு எதுவோ, எதுவாக இருந்தாலும் சரி.

பழைய சிரிப்பெல்லாம் அவருக்குத் தெரியும், அதனால் முந்துகிறார். தெரியாததைச் சொன்னால்?

எழுதியதைத் தூக்கிப் போட்டேன். அணில் குரலில், அந்தத் தோலைப் பார்த்துக் கேட்டேன்.

"யாருப்பா அது, மறைவுல நின்னு பேசுறது? முன்னாடி வந்து சிரி. ஓ, வரமாட்டியா? புரிஞ்சுபோச்சு, புரிஞ்சுபோச்சு... பல்லு வெளக்கலையாக்கும்!"



"ம்க்கும்" வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவருக்கு வார்த்தை இல்லை. முதல் தடவையாக இல்லை! நான் காத்திருந்தேன்.

பிறகு, தயங்கித் தயங்கி...

"அப்புறம்?"

என்னுடைய வார்த்தை அது. பதினோரு வருஷம் நான் சொன்ன வார்த்தை.

மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை. "அப்புறம் என்ன அப்புறம்? பல்லு வெளக்கி எத்தன நாளாச்சு?"

"புதன்கெழமையில இருந்து வெளக்கல."

"அதான் ஈயெல்லாம் ஒன்னையவே சுத்துதா!"

எங்கேயோ ஒரு சிரிப்பு கேட்டது. வயிற்றிலிருந்து வந்த நிஜச் சிரிப்பு. நான் பல்பொடியின் பெயரைச் சொல்லி முடித்தேன். அரிதார வாசனை போய்விட்டது.

பாரூக் வந்து திறந்ததும் டேப்பைப் போட்டுக் கேட்டார். பாதியில் டேப்பை நிறுத்தினார்.

"யாருக்கா அந்த ஆம்பளக் குரல்?"

"ஒச்சப்பன். உள்ள ஒளிஞ்சிருந்திருக்காரு."

"காலைல இருந்து நான் இங்கதானே இருந்தேன்? சாவி என் இடுப்புல இருக்கு!"

கம்பை எடுத்து ஒவ்வொரு தோலாகத் தூக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. கம்பை அப்படியே கீழே போட்டார். "அழிச்சிருவோம்க்கா. எனக்குப் பயமாருக்கு."

"அழிச்சே, கைய ஒடிச்சிருவேன். சிரிப்பு நல்லா வந்திருக்கு. ரயில்ல ஏத்து."

அவர் ஏற்றினார்.

மனசுக்கு ஒரு சமாதானம் வேண்டுமே. கதவு திறந்த குழப்பத்தில் நழுவிப் போயிருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். தோலுக்குக் கீழே கால் தெரியாததை மட்டும் நினைக்கவில்லை.

ஆனியில் வேடசந்தூர் டூரிங் டாக்கீஸில் படம் போட்டார்கள். மில் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்து குவிந்திருந்தார்கள். முதலாளி வந்தார், மெட்ராஸிலிருந்து பொன்னுத்துரையும் வந்தார். திரையில் அணில் குதித்தது. என் குரல்! அணிலுக்குப் பின்னால், மரக்கிளையில், ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. யாரும் எழுதாத ஓணான். கழுத்தில் கட்டம் போட்ட துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தது.

"புதன்கெழமையில இருந்து வெளக்கல" என்றது ஓணான். "அதான் ஈயெல்லாம் ஒன்னையவே சுத்துதா!" என்றது அணில். கொட்டகை குலுங்கியது. என் வாயால் அத்தனை பேரும் சிரித்தார்கள். அழுதுவிட்டேன்.

பொன்னுத்துரையைக் கேட்டேன். "டேப்புல ரெண்டு குரல் இருந்துச்சு, ரெண்டு உருவம் வரஞ்சேன். அந்தக் குரலக் கேட்டா கழுத்துல துண்டு கட்டின ஆளுதாம்மா கண்ணு முன்னால வந்தாரு" என்றார். ஒச்சப்பன் கழுத்தில் நான் ஒருநாளும் துண்டைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கீரனூருக்கு பஸ் ஏறினேன். ஒச்சப்பன் அங்கே மனைவியின் ஊரில் இருப்பதாகக் கேள்வி. "பின்னாடி நிக்கிறது எப்படிண்ணே இருக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்கவேண்டும். கையில் ஒரு டப்பா பல்பொடிகூட எடுத்துக்கொண்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

கதவைத் திறந்தது அவர் மனைவி கண்ணம்மாள்.

"அண்ணன் இல்லையா?"

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? அவரு போயிட்டாருங்க."

"எப்ப?"

"மாசி பொறந்து மொதப் புதன்கெழமைங்க. வியாழக்கெழம அடக்கம் பண்ணிட்டோமுங்க."

கையிலிருந்த டப்பா நழுவி விழுந்தது. நான் அவர் குரலைக் கேட்டது வெள்ளிக்கிழமை.

"கடைசியா... ஏதாச்சும் பேசினாரா?"

கண்ணம்மாள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "அவரு எங்கீங்க பேசுனாரு? தொண்டையில புத்து. அறுத்து ஓட்டை போட்டு உட்டாங்க. ஒரு வருசமாப் பேச்சே இல்லீங்க. ஓட்டைய மறைக்கக் கழுத்துல எந்நேரமும் ஒரு துண்டுதாங்க. கட்டம் போட்டது. அதோடயேதான் பொதச்சோமுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பயத்தில் பாதி. மீதி என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. பேசமுடியாமல் ஒரு வருஷம் கிடந்த மனுஷன், பேச்சு திரும்பியதும் என்னிடம்தானா வரவேண்டும்?

இரண்டாவது படத்துக்கு ஆடியில் பதிவு. அதே கிட்டங்கி, அதே நேரம். விஷயத்தைக் கேள்விப்பட்டு, வேறு இடம் பார்க்கலாம் என்று முதலாளியே சொன்னார். நான் எதற்காக மாறவேண்டும்? பாரூக் வாசலோடு நின்றுகொண்டார். மெஷினைப் போட நானே கற்றுக்கொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மைக்குக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணே, இன்னைக்கும் நான்தான் முன்னாடி. இஷ்டமிருந்தா பின்னாடி நில்லுங்க. இல்லைன்னா போயிருங்க."

ஈக்கள் பறந்தன. நாலாவது தோல் மெதுவாக ஆடியது.

"ம்க்கும்... அப்புறம்?"

பட்டனை அழுத்தினேன்.