மழை நவநாளும் ரோசம்மாளின் புழுக்களும்

ரோசம்மாள் ஜெபமாலை சொல்வதை எட்டு வருடமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டே சொன்னது, தருமபுரி பஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னது, தங்கை கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வந்து சேருவதற்குள் பத்து மணிகளை முடித்தது எல்லாவற்றையும் கேட்பவர்களிடம் விவரமாகச் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

"ஆண்டவருக்கே வருகைப் பதிவேடு காட்டுற ஆளு நீ ஒருத்திதான்" என்பான் அவள் புருஷன் சின்னப்பன்.

ஏரியூர்ப் பக்கம் அது ஒரு சின்ன ஊர். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அந்தோணியார் சிற்றாலயத்தைத் திறந்து ஜெபம் நடத்துவது அன்பியத் தலைவியான ரோசம்மாளின் வேலை. ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பேர். அதை அவள் ஒரு தாசில்தாரின் தோரணையோடு செய்துவந்தாள்.

அந்த ஆவணியில் மழையே இல்லை. ராகி நுனி கருகியது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடி கூனிப் போய் நின்றது. மழைக்காக ஒன்பது நாள் நவநாள் வைப்பதென்று சனங்கள் கூடி முடிவெடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஜெபம். முன்னின்று நடத்துவது, வேறு யார், ரோசம்மாள்தான்.

"சரிங்க, வெச்சுடலாம்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அவளுடைய பட்டுப்புழுக்கள் நாலாம் முறை தோலுரித்து, அன்று காலையில்தான் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தன. இனி ஏழெட்டு நாள் அவை தின்னும் தீனிக்கு அளவே கிடையாது. மூன்று வேளையும் மல்பெரிக் கிளைகளை வெட்டி வந்து பரப்ப வேண்டும். அந்தத் தழையில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரத் தழை தின்றால் புழு சீக்குப் பிடித்து, கூடு கட்டாமலே கருத்துச் சாகும்.

போன இரண்டு தடவையும் அப்படித்தான் செத்தன. சின்னப்பன் இரண்டு தடவையும் குழி வெட்டிப் புதைத்தான். "இந்த பேட்சும் போச்சுன்னா மல்பெரிய வேரோட புடுங்கிட்டுக் குச்சிக்கெழங்கு நட்டுடுவேன், ஆமா" என்று சொல்லியும் வைத்திருந்தான். ஏழு வருடமாக அவள் கையால் வளர்த்த தோட்டம் அது. அவளுடையது என்று அவள் நினைத்திருந்த ஒரே தோட்டமும் அதுதான்.

அன்று சாயங்காலம் சிற்றாலயத்தில் மன்றாட்டு சொல்லும்போது ரோசம்மாளின் நாக்கு அதுவாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. "எங்கள் வறண்ட நிலங்களுக்கு, ஏற்ற காலத்தில், நல்ல மழையைத் தந்தருள வேண்டுமென்று, ஏற்ற காலத்தில், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

வீட்டுக்குப் போனதும் தனி ஜெபமாலையில் அந்த ஏற்ற காலம் எது என்பதை ஆண்டவருக்குத் தெளிவாக விளக்கினாள். "எட்டு நாள் பொறுத்துக்குங்க சாமி. புழு கூடு கட்ட ஏறிடட்டும். ஒம்பதாம் நாளு கொட்டித் தீத்துடுங்க. எட்டு வருஷமா ஒரு நாளு விட்டிருக்கேனா? எனக்காக எட்டு நாளு பாக்க மாட்டீங்களா?" நியாயமான கோரிக்கை என்றுதான் அவளுக்குப் பட்டது.

நாலாம் நாள் மலர்விழி பிடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி, ஒன்றரை ஏக்கர் ராகி போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அக்கா, அது என்னங்க தெனமும் ரெண்டு வாட்டி ஏத்த காலம், ஏத்த காலம்ங்கறீங்க? பயிரு காயுது. இதுக்கு மேல என்னாங்க ஏத்த காலம்?"

"ஆண்டவருக்கு நாம நேரங்காலம் சொல்லக் கூடாது மலரு" என்றாள் ரோசம்மாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

கொட்டகையில் புழுக்கள் தழை தின்னும் சத்தம் கூரையில் தூறல் விழுவதுபோல் கேட்கும். அந்த வாரம் அவளுக்குப் பிடித்த மழை அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் ஜெபம் பாதியில் இருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவது மன்றாட்டுக்குள் பிடித்துக்கொண்டது மழை. சிற்றாலயத்து ஓடு அதிர்ந்தது. சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராகிக்காரர்கள் வாசலுக்கே ஓடினார்கள். எல்லாரும் திரும்பி, நன்றி ஜெபம் சொல்லப் போகிற தலைவியைப் பார்த்தார்கள். தலைவி கொட்டகை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, மூஞ்சி இப்படி இருக்குது? மழை வந்துட்டுதுங்க!" என்று மலர்விழி அவள் தோளை உலுக்கினாள்.

"எம்புழுவுக்கு மழை ஆகாதுடி!" ரோசம்மாள் அழுதேவிட்டாள். "இன்னும் ரெண்டு நாளு தீனி வெக்கணும். ஆறு நாளா உங்களுக்கு முன்னால நின்னுக்கிட்டு, எட்டு நாளு பெய்யாதேன்னுதான் நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"அடிப்பாவி அக்கா!" என்றாள் மலர்விழி. "எங்க ஜெபத்த எல்லாம் பின்னால இருந்து புடிச்சு இழுத்தது நீங்கதானா?" முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு சிற்றாலயமே சிரித்தது. நன்றி ஜெபத்தை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வயதான உபதேசியார் சொல்லி முடித்தார்.

விடிந்தும் மழை விடவில்லை. ரோசம்மாளும் சின்னப்பனும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளை வெட்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரின் நாலு கைகளால் எவ்வளவு தழையைத் துடைக்க முடியும்? புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தீனி தேடின.

அப்போதுதான் மலர்விழி வந்தாள், பழைய வேட்டி, துண்டு ஒரு கட்டாக இடுப்பில். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். "வழி வுடுங்கக்கா. வூட்டுக்குள்ள எடம் பத்தாது. தழை எல்லாத்தயும் கோயிலுக்குத் தூக்குங்க. அங்க நாலு ஃபேன் இருக்குது."

அன்று பகல் முழுக்கச் சிற்றாலயத்தில் மல்பெரிக் கிளைகளை உதறிக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டார்கள். பெஞ்சுகளின் மேல் பரப்பினார்கள். அந்தோணியாரின் பீடத்தைத் தவிர எல்லா இடமும் பச்சை. நனையாமல் பாலித்தீன் போர்த்திய கூடைகளில், காய்ந்த தழை கொட்டகைக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ரோசம்மாள் புழுப் படுக்கைகளில் ஈரத்தை இழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவினாள், தழை பரப்பினாள், மறுபடி தூவினாள். சாயங்கால நவநாளைச் சனங்கள் கிளைகளுக்கு நடுவிலேயே சொல்லி முடித்தார்கள். அவள் அதற்கும் போகவில்லை. ராத்திரி வீட்டுத் திண்ணையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஜெபமாலையை விட்டுவிட்டோம் என்பது மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பதறியடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். இனி ஆண்டவரிடம் காட்ட அவள் கையில் ஒன்றுமே இல்லை.

மழை விட்டு வெயில் அடித்திருந்தது. புழுக்கள் தீனியை நிறுத்தியிருந்தன. உடம்பு தேன் நிறத்தில் கண்ணாடிபோல் மின்ன, கூடு கட்ட இடம் தேடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் கருக்கவில்லை. அவள் கால்மாற்றி நின்று வெகுநேரம் பார்த்தாள். 'நான் கேட்டத நீங்க குடுக்கல சாமி' என்று மனதுக்குள் ஆரம்பித்தவளுக்கு, மேற்கொண்டு எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"குச்சிக்கெழங்கு?" என்றாள், பின்னால் வந்து நின்ற சின்னப்பனிடம்.

"யாரு சொன்னா?" என்றான் அவன், அந்தப் பேச்சையே இன்றுதான் கேட்பவன்போல.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து பொரி, பொட்டுக்கடலை கொடுத்தார்கள். வருகிற மாசம் மாதா திருநாள் நவநாளுக்குத் தேதி குறிக்க வேண்டும் என்று உபதேசியார் பேச்செடுத்தார்.

மலர்விழி வாய் நிறையப் பொரியோடு எழுந்தாள். "மொதல்ல அக்காவூட்டுப் புழுவ ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க. அப்பறம் தேதி வெப்போம்."

எல்லாரோடும் சேர்ந்து ரோசம்மாளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அடுத்த வளர்ப்பு எந்தத் தேதியில் வருகிறதென்று விரல்விட்டு எண்ணினாள்.