பெருமாளைச் சுமந்த கழுத்து

எனக்குக் கழுத்துவலி வந்த புதிதில் அதை ஊர் முழுக்க ஒரு விருதைப்போலக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பூந்தமல்லி ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. தரையில் சம்மணம் போட்டு, கைமேஜையின்மேல் கவிழ்ந்து, ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிலத்துக்கு நாலெல்லை எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் "கழுத்து ஏன் இப்படிக் கோணிக்கிட்டிருக்கு?" என்று யாராவது கேட்டால், பத்திரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். "பெருமாளைச் சுமந்த கழுத்து, அப்படித்தான் இருக்கும்" என்பேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் வலி பாதி குறையும்.

அதில் பொய் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். சென்னீர்குப்பத்துக்கு அப்பால் எங்கள் ஊர். வைகாசியில் கருட சேவையன்று வாகனத் தண்டைத் தோளில் தாங்கும் பாத்தியதை சில குடும்பங்களுக்கு உண்டு. வலப்பக்கத் தண்டின் முன்முனை எங்கள் குடும்பத்துக்கு. அப்பா காலமானதும் அந்த இடம் யாருக்கு என்று எனக்கும் சித்தப்பா மகனுக்கும் தகராறு வந்தது. அவன் என்னைவிட நாலு வயது சின்னவன், ஒரு விரல் உயரமானவன், ஏர் பிடிக்கிறவன். "தூக்கத் தெரிஞ்சவன் முன்னால நிக்கட்டும்" என்றான் அவன். "மூத்தவன் முன்னால நிக்கட்டும்" என்று நான் குதித்தேன். ஊரார் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவன் எனக்கு நேர் பின்னால் நின்றான். ஆறு வருஷம் ஒரே தண்டைத் தூக்கினோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு வருஷம் தோள் கொடுக்க முடியாதவனுடைய இடம் பின்னால் நிற்பவனுக்குப் போய்விடும், திரும்பி வராது.

ஏழாவது வருஷம் பொங்கல் கழிந்ததும் வலி என்னை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் முதுகில் சுளீர் என்றது. வைகாசி வந்துகொண்டிருந்தது. பங்காளி என் இடத்தில் நின்று தண்டைத் தூக்குவதை நான் ஓரமாக நின்று பார்ப்பதாக நினைத்தாலே வயிறு எரிந்தது. வீட்டில் என் மனைவி நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள், விளக்கெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"பெருமாள தூக்கினது வருசத்துக்கு ஒரு நாளு. மீதி நாளெல்லாம் இன்னாத்த தூக்கினே, இந்த முதுவு இப்டி ஆவறதுக்கு?"

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. உண்மை பேசுகிறவர்களோடு பேசாமல் இருப்பது அப்போது என் பழக்கம்.

வலி உயிரை வாங்கினாலும் சேவைக்குப் புதுச் சொக்காய் வேண்டும் என்ற ஆசை விடவில்லை. பூந்தமல்லியில் மசூதிக்குப் பக்கத்தில் ஒரு பாயிடம்தான் நாங்களெல்லாம் தைத்துக்கொள்வோம். அவர் நாடாவை என் முதுகில் வைத்தார், மார்பில் வைத்தார், மறுபடியும் முதுகில் வைத்தார்.

"முதுவுக்குத் துணி ஜாஸ்தி, மாருக்குக் கம்மி. நான் தைக்கிறது சொக்காயா, ஆமைக்கு ஓடா? எத்தினி நாளா வலிக்குது நைனா?"

பாய் ஜெர்மன் சண்டையின்போது பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா அடிபட்ட சிப்பாய்களை எண்ணெய், பற்று எதுவும் இல்லாமல், வெறும் தேகப்பயிற்சியாலேயே நிமிர்த்தி அனுப்பினாளாம். கூடவே நின்று பார்த்ததில் அந்த வித்தை பாய்க்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கடை வேலைக்கு நடுவில் கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

என்னைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார். குதிகால் ஒட்டியது, இடுப்பு ஒட்டியது, தலை ஒட்டவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூல்கண்டை வைத்தார், அது கீழே விழுந்தது. அதைவிடப் பெரிய கண்டை வைத்தார், அதுவும் விழுந்தது. கடைசியில் துணியையே ஒரு சுருட்டு சுருட்டி வைத்த பிறகுதான் நின்றது. பிறகு முன்னால் குனியச் சொன்னார். இடுப்பிலிருந்து கால்வரை இழுத்தது. பின்னால் வளையச் சொன்னார். ஐந்தாறு தடவை வளைந்ததும் இழுப்பு சற்று அடங்கியது.

"அவ்ளோதான். எந்தப் பக்கம் போனா வலி கொறையுதோ அந்தப் பக்கம்தான் மருந்து கீது" என்றார்.

"பெருமாள் பாரம் பாய், சும்மாவா?" என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன்.

"எந்தத் தோள்ல தூக்குறே?"

வலது தோளைக் காட்டினேன். சொக்காயை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தார். இடது தோளையும் அழுத்திப் பார்த்தார். மறுபடி வலது.

"காய்ப்பே காணோமே நைனா. உன் பங்காளிக்கும் நான்தான் தைக்கிறேன். அவன் தோள்ல கொயக்கட்ட கணக்கா ஒண்ணு கீது. அதுக்குன்னே ரெண்டு வெரலு கூட உட்டு வெட்டுறேன்."

அளவு நோட்டைப் புரட்டினார். பங்காளியின் தோள் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டார். என்னை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். என் தோள் கோட்டுக்கு ஒரு கையகலம் கீழே இருந்தது.

"தண்டு இங்க போவுது. நீ இங்க கீறே. நடுவுல இன்னா?"

"சும்மாடு" என்றேன். முதல் வருஷம் துண்டை இரண்டாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டேன். பிறகு நாலாக. போன வருஷம் இரண்டு துண்டு, எட்டு மடிப்பு. வருஷத்துக்கு வருஷம் பாரம் கூடுகிறது, அதனால்தான் மெத்தை வேண்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியும் எட்டாமல் நுனிக்காலில் எம்பி, கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நாலு வீதியும் வந்திருக்கிறேன். பத்திரத்தின்மேல் கவிழ்ந்து கவிழ்ந்து நான் கூனிப்போய்க்கொண்டிருந்தேன், தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

பாய் நாடாவைச் சுருட்டினார். "நீ பெருமாள தூக்கல நைனா. பெருமாள் கூட நடந்து போய்க்கீறே."

நான் துணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு தையற்காரர் என் பக்தியை அளப்பதா என்று கோபம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நாலாவது நாள் செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாமல் மார்பெல்லாம் கொட்டிக்கொண்டபோது, கோபம் தானாக இறங்கியது. துணியை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனேன். "செவுத்துல சாஞ்சு நில்லு" என்று மட்டும் சொன்னார் பாய்.

தாடையை உள்ளே இழுத்துப் பின்மண்டையால் சுவரைத் தொட முயல வேண்டும். தோள்பட்டை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் நெருக்க வேண்டும். குப்புறப் படுத்து, இடுப்பு தரையை விட்டு எழாமல், கையை ஊன்றி மார்பைத் தூக்க வேண்டும். வேளைக்குப் பத்துத் தடவை. இதை முதல்நாள் கூடத்தில் செய்தபோது என் மனைவி விபூதி எடுத்துவர ஓடினாள்.

கச்சேரியில் இன்னும் கூத்து. ஒரு பத்திரம் முடிந்தால் எழுந்து சுவரோடு நிற்கவேண்டும் என்பது பாயின் கட்டளை. நான் தாடையை இழுத்துக்கொண்டு விறைத்து நிற்பதைப் பார்த்து, நூம்பலிலிருந்து நிலம் விற்க வந்த ஒரு அம்மாள் தானும் பக்கத்தில் வந்து சுவரோடு நின்றுகொண்டாள். ரிஜிஸ்தர் ஆவதற்கு முன்னால் எல்லாரும் இப்படி நிற்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாளாம். நானும் சரி என்று நிற்கவிட்டேன். அவளுக்கும் முதுகு கூன்தான்.

மாசி முடிவதற்குள் கழுத்து திரும்பியது. பங்குனியில் இரண்டாவது நூல்கண்டு சுவரோடு நின்றது. சித்திரையில் முதல் கண்டு. பாய் வாரம் ஒருமுறை என்னைக் கோட்டோடு நிறுத்திப் பார்ப்பார். தோள் அரிசி அரிசியாக ஏறியது. வைகாசி பிறந்தபோது கோட்டுக்கும் எனக்கும் ஒரு விரல்தான் இடைவெளி. புதுச் சொக்காய் முதுகில் தொளதொளத்தது, மார்பில் பொத்தான் போட முடியவில்லை. அதைப் பிரித்துத் தைக்கவேண்டியதாயிற்று.

கருட சேவையன்று எல்லாரையும்போலச் சொக்காயைக் கழற்றிவிட்டு வழக்கமான இடத்தில் நின்றேன். ஒரே ஒரு துண்டு, இரண்டு மடிப்பு. "கோவிந்தா!" என்று குரல் எழுந்தது, தண்டு எழுந்தது, என் தோளில் உட்கார்ந்தது.

அம்மாடி! அப்படி ஒரு பாரத்தை என் ஜன்மத்தில் நான் அறிந்ததில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. எலும்பில் மரம் நேரே அழுந்தியது. ஐம்பதடி போவதற்குள் பெருமாளிடம் நான் கேட்ட ஒரே வரம் அவர் இறங்கிக்கொள்ளவேண்டும் என்பதுதான். இதில் என் பங்கையும் சேர்த்து ஒருவன் ஆறு வருஷம் சுமந்திருக்கிறான், அதுவும் என்னோடு பேசாமல் என்று நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு குன்றியது. குன்றினால் தோள் இறங்கிவிடும் என்று தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் மண்டகப்படியில் தண்டுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். நான் திரும்பினேன். இப்போது கழுத்து திரும்பும். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தோளில் பாய் சொன்ன காய்ப்பு கறுத்து, புடைத்து நின்றது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"முன்னால கீறவன் தூக்குறானா இல்லியான்னு பின்னால கீறவனுக்குத் தெரியாதா?"

"ஊர்ல சொல்லியிருந்தா இடம் அப்பவே உனக்கு வந்திருக்குமே."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். எனக்கு அழுகை முட்டியது. "நீ முன்னால வா. நான் பின்னால போறேன்" என்றேன்.

மறுபடியும் கோவிந்தா போட்டார்கள். முட்டுக்கட்டையை எடுக்க ஆட்கள் குனிந்தார்கள். அவன் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான்.

"நீயே முன்னால போ அண்ணாத்தே. இன்னிக்கித்தான் எனக்கு லேசா கீது."