மேடைக்குக் கட்டிய சேலை

அப்பா ஒடிசா மலைக்கிராமமொன்றில் மிஷனரி. விடுமுறைக்குக் கடலூர் வந்தால் ஞாயிறுதோறும் ஏதாவதொரு சபையில் எங்களை மேடையேற்றி, ஊழியத்துக்குக் காணிக்கை கேட்பார். 2008இல் எனக்குப் பதினைந்து வயது. கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் தடித்த கைத்தறிச் சேலையை மலையில் என் தோழியின் அம்மா ஆசையாகக் கொடுத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் மொழியில் நான் பாட வேண்டும்.

சிதம்பரத்தில் பாடி முடித்ததும் ஓர் அம்மா சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

“பாவம், கட்டிக்க நல்ல துணிகூட இல்ல அவுங்களுக்கு” என்று ஒரு பழந்துணி மூட்டையை நீட்டினார். அப்பா “ஸ்தோத்திரம்” சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ்ஸில் கேட்டேன். “இது கல்யாணச் சேலைன்னு ஏம்பா சொல்லல?”

“சொன்னா யாரு காணிக்கை போடுவாங்க? அடுத்த வாரம் பண்ருட்டி. இதையே கட்டிக்கோ.”

கட்டவில்லை. அந்த மூட்டையில் அக்குள் கிழிந்து சாயம்போன சுடிதார் ஒன்று இருந்தது. பண்ருட்டி சபையின் பின்னறையில் அதை மாட்டிக்கொண்டு மேடையேறினேன். பாடவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

“மலையில எனக்குக் கல்யாணச் சேலை கொடுத்தாங்க. நம்ம ஜனங்க அவுங்களுக்கு இதக் கொடுத்திருக்காங்க” என்று கையைத் தூக்கிக் கிழிசலைக் காட்டினேன்.