கருப்பாயியை நான் விடவில்லை

2002 வாக்கில் நடந்தது இது. நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மதுரை பழங்காநத்தத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கணக்கு டியூஷன். சார் ஆறு மணிக்குத்தான் வருவார். நாங்கள் ஐந்தேகாலுக்கே போய் மாடிப்படியில் இடம் பிடித்துவிடுவோம். கணக்கின் மேல் எங்களுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேமுக்காகத்தான் அந்த ஓட்டம்.

என்னுடையது சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா என் தம்பிக்கென்று வாங்கி வந்தது. அவனுக்கு இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டேன். "பொம்பளப் புள்ள வச்சுக்கிற சாமானா இது, அவன்கிட்ட குடுத்துட்டு வேலையப் பாரு" என்று அம்மா நாலு நாள் சொல்லிப் பார்த்தார். ஐந்தாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டார். டியூஷனில் மொத்தம் ஐந்து பேரிடம் அந்த மெஷின் இருந்தது. நாலு பையன்கள், நான் ஒருத்தி.

கேம் இதுதான். காடு மேடெல்லாம் சுற்றி விதவிதமான பிராணிகளைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்த்து, பழக்கி, மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். நம் பிராணிக்கு நாமே பேர் வைக்கலாம். இரண்டு மெஷின்களுக்கு நடுவில் ஒரு கேபிளை மாட்டினால் நேருக்கு நேர் மோதலாம், பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம். சில பிராணிகள் இப்படிக் கைமாறினால்தான் அடுத்த கட்டத்துக்கே வளரும். கேபிள் இல்லையென்றால் பாதி விளையாட்டு இல்லை. அந்தக் கேபிள் எங்களில் ஒரே ஒரு பையனிடம்தான் இருந்தது. அதனாலேயே அவனுக்குக் கேபிள்காரன் என்று பேர், அதனாலேயே அவன் வைத்ததுதான் சட்டம்.

ஆட்டம் தொடங்கும்போது மூன்று பிராணிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது ஒரே ஒரு தடவைதான். அப்புறம் எந்தக் காட்டில் தேடினாலும் அந்த ஜாதி கிடைக்காது. நாங்கள் ஐந்து பேரும் சொல்லிவைத்தது போல ஒன்றையே எடுத்திருந்தோம். உடும்பு மாதிரி உடம்பு, கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர், வாயைத் திறந்தால் சேற்றைப் பீய்ச்சும். பள்ளிக்கூடத்தில் என் நிறத்தைச் சொல்லி என்னைக் கருப்பாயி என்று கேலி செய்வார்கள். நான் அந்தப் பேரையே அதற்கு வைத்தேன். கருப்பாயி என்றால் யார் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு.

இந்தக் கேமில் ஒரு புது விஷயம் இருந்தது. ஒவ்வொரு பிராணியின் பேருக்குப் பக்கத்திலும் அது ஆணா பெண்ணா என்று காட்டும் சின்ன அடையாளம் இருக்கும். முதலில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கேபிள்காரனின் மாமா மேலூர்ப் பக்கம் சண்டைச் சேவல் வளர்ப்பவர். அவன் அங்கே போய்விட்டு வந்தாலே ஒரு வாரத்துக்குச் சேவல் புராணம்தான். அப்படி ஒரு தடவை போய்விட்டு வந்த சனிக்கிழமை, படியில் நின்று அறிவித்தான்.

"டே மாப்ள, இனிமே நம்ம செட்டுல பொட்டை கெடையாது. சண்டைக்குச் சேவலத்தான் விடுவாய்ங்க, கோழியவா விடுவாய்ங்க? பொட்டைய வச்சு மோதுறதெல்லாம் அசிங்கம்டா."

பொட்டைக்கு வலுவும் கம்மியாம், எங்க அண்ணன் சொன்னான் என்று இன்னொருவன் ஒத்து ஊதினான். அவ்வளவுதான். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, பிடித்த பிராணிகளை மெஷினுக்குள் சேர்த்து வைக்கும் பெட்டியில் இருந்த பெண் பிராணிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால், நிஜமாகவே விட்டுவிடவா என்று மெஷின் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்றால் அது போயே போய்விடும், திரும்ப வராது. ஒவ்வொன்று போகும்போதும் இவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாதக் கணக்கில் வளர்த்தவற்றைப் பார்த்து அப்படிச் சிரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ தெரியவில்லை. பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒன் கருப்பாயி பொட்டைதான? விட்டுட்டு வா, கேபிள் மாட்டலாம்" என்றான் கேபிள்காரன்.

ஐந்து பேரில் என்னுடையது மட்டும்தான் பெண். அந்த ஜாதியில் பெண் கிடைப்பதே அபூர்வம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லிக் கெஞ்சியிருக்க மாட்டேன்.

ஆனால் இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் நான் ஒரு காரியம் செய்தேன். கருப்பாயியைத் தொடவில்லை. என் பெட்டியில் சிட்டுக்குருவி மாதிரி ஒரு குட்டி இருந்தது, பெண். நான் முதன்முதலில் பிடித்தது அது. அதை விட்டுவிட்டேன். கொஞ்சம் இறங்கிப் போனால் கருப்பாயியை விட்டுவைப்பார்கள் என்று ஒரு கணக்கு. மறுநாள் போய்ச் சொன்னால், "அது சரி, பெரியவ இன்னும் இருக்காள்ல?" என்று சிரிக்கிறார்கள். குருவி போனது போனதுதான். எனக்கு அழுகை வரவில்லை, என் மேலேயே ஆத்திரம் வந்தது. இவர்கள் கேட்டார்களா அதை? நானாகத்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்?

"கருப்பாயிய விட மாட்டேன். ஒங்க கேபிள நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கீழ்ப்படியில் போய்த் தனியாக உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மேல்படியில் ஒரே கூச்சல், சிரிப்பு. கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் வாசனை. போகும்போதும் வரும்போதும், "என்னா, கோழி முட்டை போட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னால் பொய். ஆனால் மோதுவதற்கு ஆள் இல்லாததால் எனக்கு வேறு வேலையும் இல்லை. காட்டிலேயே சுற்றி, கருப்பாயியை வளர்த்துக்கொண்டே இருந்தேன். அடிப்பதை மட்டும் பழக்கவில்லை. எதிரியின் கண்ணில் சேற்றை அடித்துக் குறிதவற வைப்பது, தூங்க வைப்பது என்று எல்லாச் சில்லறை வேலையும் பழக்கினேன்.

பொங்கல் லீவு முடிந்து வந்தபோது மேல்படி அமைதியாக இருந்தது. நாலு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விஷயம் என்று அவர்களில் கண்ணாடி போட்ட பையன்தான் வந்து சொன்னான். கேமில் ஒரு இடத்தில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து விட்டால் முட்டை கிடைக்குமாம். அதில் பொரிக்கும் குஞ்சு தாயின் ஜாதியாகத்தான் இருக்குமாம், தகப்பனின் சண்டை வித்தைகளும் அதற்கு வந்துவிடுமாம். காட்டில் பிடிப்பதெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. இது தெரியாமல் கேபிள்காரன் லீவில் மேலூரில், பொட்டை எல்லாவற்றையும் கழித்துவிட்டதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவன் மாமா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"சேவலக் கேட்டா குடுப்பாகளாம், தாய்க்கோழிய மட்டும் உசுரே போனாலும் வெளிய குடுக்க மாட்டாகளாம். சண்டை ரத்தமே கோழி வழியாத்தான் வருதாம். இவன் அதப் பாதி கேட்டுட்டு வந்து நம்ம தலையில கட்டிட்டான்" என்றான் கண்ணாடி.

மற்ற ஜாதிகளில் பெண் வேண்டுமென்றால் காட்டுக்குப் போய்த் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். அந்த உடும்பு ஜாதி மட்டும் காட்டிலேயே கிடையாது. அதில் ஒரே ஒரு பெண், கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த என்னிடம் இருந்தது.

கேபிள்காரன் இறங்கி வந்தான். "கருப்பாயியக் கொஞ்ச நாளைக்குக் குடு. முட்டை எடுத்துட்டுத் தந்துருவோம்."

"மொதல்ல கேபிள மாட்டு. அவளோட மோது. நான் செயிச்சா, பொட்டை கிட்டைன்னு போட்ட சட்டம் இன்னியோட காலி. நீ செயிச்சா கருப்பாயிய நீயே வச்சுக்க, திருப்பித் தர வேணாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளை வைத்துப் பந்தயம் கட்ட எனக்கு என்ன உரிமை? ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கினால் காலத்துக்கும் கீழ்ப்படிதான். வாங்கவில்லை.

ஆளுக்கு மூன்று பிராணிகள். என் முதல் இரண்டும் சீக்கிரமே விழுந்துவிட்டன. கருப்பாயி தனியாக நின்று அவனுடைய இரண்டைச் சாய்த்தாள். கடைசியில் அவனுடைய உடும்பும் என்னுடைய உடும்பும்தான் மிச்சம். அவன் அதற்கு அடியைத் தவிர வேறெதுவும் பழக்கவில்லை. முதல் அடியிலேயே, கருப்பாயிக்கு மிச்சமிருக்கும் உயிரைத் திரையில் காட்டும் கோடு நூலாகிவிட்டது. என் கட்டை விரல் வேர்த்து வழுக்கியது. நான் கண்ணில் சேறு அடித்தேன், அவன் குறி தப்பியது. தூங்க வைத்தேன். அது தூங்கத் தூங்க அடித்தேன். இன்னும் ஒரே அடி பாக்கி. பட்டனை அழுத்தினேன்.

இரண்டு திரைகளும் உறைந்து நின்றன. பார்த்தால் கேபிள் அவன் கையில் இருக்கிறது.

"கை பட்ருச்சு" என்றான். கேபிள் கழன்றால் ஆட்டம் செல்லாது, முடிவு எதுவும் பதிவாகாது. அது எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி போட்ட பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "கை படலடா. நீ புடுங்குன. நான் பாத்தேன்." அதற்குள் சார் வந்துவிட்டார். அன்று அரைமணி நேரம் முக்கோணவியல் நடந்தது, எனக்கு ஒரு வரி ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தக் கேமை எழுதியவர்களே பெண் பிராணிகளுக்கு அடிக்கும் வலுவை ஒரு பிடி குறைத்துத்தான் வைத்திருந்தார்களாம். ஆக, அந்தப் பையனின் அண்ணன் சொன்னது உண்மைதான். இருந்துவிட்டுப் போகட்டும். குறைத்து எழுதிய கணக்கையும் மீறித்தான் கருப்பாயி அவனை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாள்.

கண்ணாடி போட்ட பையன் அடுத்த வாரம் டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்து சொந்தமாக ஒரு கேபிள் வாங்கிவந்துவிட்டான். நான் வீட்டில் என்னிடம் இருந்த வேறு ஜாதி ஆணோடு கருப்பாயியைச் சேர்த்து, முட்டை முட்டையாகப் பொரித்து வைத்திருந்தேன். பத்துப் பொரித்தால் ஒன்றோ இரண்டோதான் பெண். அவனுக்கு ஒரு பெண் குட்டியைக் காட்டினேன்.

"ஆம்பளை இல்லையா?" என்றான்.

"பெட்டி நெறையா இருக்கு. தர மாட்டேன். யார் கேட்டாலும் பொண்ணுதான் தருவேன். செட்டுல வச்சு மோதணும், கழிக்கக் கூடாது. சம்மதம்னா மாட்டு."

தலையைச் சொறிந்தான். பிறகு மாட்டினான். மற்ற இரண்டு பேரும் பத்து நாளில் வந்தார்கள். பேரம் பேசிப் பார்த்தார்கள். நான் மசியவில்லை. ஆளுக்கொரு பெண்ணை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் அதற்குத் தன் அக்கா பேரையே வைத்தான். மேல்படியில் நடுவில் எனக்கு இடம் வந்துவிட்டது. யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை, நானே போய் உட்கார்ந்தேன்.

கேபிள்காரன் மட்டும் குட்டி கேட்டு என்னிடம் வரவில்லை. பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி டியூஷன் அன்றுதான் வந்தான். எல்லாரும் இருந்தார்கள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஒண்ணு இருக்கா?" என்றான்.

"இருக்கு. பொண்ணு."

"சரி, அதையே குடு."

"அன்னைக்குக் கேபிளப் புடுங்கினேன்னு சொல்லு, தாரேன்."

நின்றான். காது மடல் சிவந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. டியூஷனில் கூடப் படித்த தோழி ஒருத்தி, "பாவம்டி, குடுத்திருக்கலாம்ல" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இத்தனை வருடம் கழித்தும் தோன்றவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு உண்மை வார்த்தை. அது அவன் வாயில் வராமல் போனதற்கு நான் இரக்கப்பட்டு இறங்கிப்போக வேண்டியதில்லை என்பதைப் பதினைந்து வயதில் அந்தப் படிக்கட்டில் தெரிந்துகொண்டேன், அதற்குப் பிறகு எந்த இடத்திலும் நிற்பதற்காக என்னில் எதையும் நான் கழித்துக் கொடுத்ததில்லை.